இருபத்து மூன்று நாள் நின்ற பாறை

ஒண்டிக்கடை, ஏற்காடு
9.9.1978

பாவாயிக்கு அண்ணன் ஐயாக்கண்ணு எழுதுவது.

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானத்துக்கு எழுதுவதாக நினைத்துவிடாதே. உன் வீட்டுக்காரர் காளியண்ணன் நான் எடுத்த கல்யாணப் படத்தை வாசலில் வீசிக் கண்ணாடியை உடைத்த அன்று, இனி அடிப்பாறைக்காட்டு மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சொன்னேன். அது அப்படியே இருக்கிறது. எட்டு மைல் தூரத்துக்குத் தபாலில் பேசுவதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை சேர்வராயன் கோயில் குகை வாசலில், உங்கள் ஊர்ப் பதினோரு வீட்டு ஆண்களும் சுற்றி நிற்க, ஈரவேட்டியோடு சத்தியம் செய்தேன். "இந்த மழைக்கு மொட்டைப்பாறை நகராது." அதற்குப் பிறகும் நீ பெண்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, பாறை வரப்போகிறது, எஸ்டேட் காபிக் குடோனுக்குப் போய்விடலாம் என்று பேசுவதாக நாகலூர் பஸ்ஸில் வந்தவர்கள் சொல்கிறார்கள். என் சத்தியத்துக்கு மேலே உன் பேச்சா?

நானாக இந்த வேலைக்கு வரவில்லை. ஜூனில் ஆடு மேய்த்தவர்கள் உங்கள் ஊருக்கு மேலே நிற்கும் அந்தப் பாறை உச்சியில் வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்தபோது, உங்கள் ஊர் அங்கப்பன்தான் என் அறைக்கு வந்து, "நீங்க எஸ்டேட்ல கணக்கெழுதுற ரைட்டரா இருந்தவரு, படம் புடிக்கத் தெரிஞ்சவரு. உள்ள என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டான். எஸ்டேட் பக்கத்து வழியாக ஏறி, உங்கள் ஊரைத் தொடாமல், ஆகஸ்ட் முழுக்கப் பாறைமேல் கிடந்தேன். வெடிப்பின் வாயிலிருந்து பன்னிரண்டு அடி ஆழம்வரை ஒரே படத்தில், ஒரு பாசிகூட மங்காமல் காட்டினேன். வாயில் நாலு விரல் அகலம். போகப்போகக் குறுகி அடியில் ஊசிமுனையாக முடிகிறது. அதாவது பாறை அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

அப்போதும் அங்கப்பன் என்ன சொன்னான் தெரியுமா? "இது பல படத்தச் சேத்த ஒட்டுப் படமுங்க. ஒட்டுப் படத்துல காளியண்ணன் அப்பாருக்குக் கையே போயிருச்சு. சாமி முன்னால சொன்னீங்கன்னா நம்பலாம்." உன் மகன் கல்யாணத்தில் முன்வரிசையும் தெளிவாக, பின்னாலிருக்கும் மலையும் தெளிவாக வரவேண்டும் என்று நாலு முறை எடுத்துச் சேர்த்தேன். அசையாதீர்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். உன் மாமனார் ஈயை ஓட்டினார். இடது கை படத்தில் இல்லாமல் போனது. நாற்பது நாளில் அவர் செத்தது மூச்சிரைப்பில். படத்தால் அல்ல. அந்தப் பழியை இன்னும் சுமக்கிறேன்.

அதனால்தான் சத்தியம் செய்தேன். நீ பேசாமல் காபிச் செடியைப் பார்.

ஐயாக்கண்ணு

*

அடிப்பாறைக்காடு
17.9.1978

அண்ணாவுக்குப் பாவாயி எழுதுவது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து பிரித்தேன். திட்டுத்தான் இருந்தது. நல்லது, சுகமாக இருக்கிறீர்கள்.

நீங்கள் பாறைமேல் கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு நின்றதைக் கீழே களத்திலிருந்து தினமும் பார்த்தேன். ஒருநாள் கையைக்கூட ஆட்டினேன். நீங்கள் வெடிப்பைத்தான் பார்த்தீர்கள்.

நான் பெண்களைக் கூட்டிவைக்கவில்லை. அவர்களே வருகிறார்கள். எங்கள் வீட்டுப் பின்கதவு ஆடி மாதம்வரை லேசாக மூடும். இப்போது தோளைக் கொடுத்துத் தள்ளினாலும் மூடுவதில்லை. பாறை அடியில் ஊற்று இருந்ததே, சின்ன வயதில் நீங்கள் எனக்குக் காட்டியது, அதில் தண்ணீர் பத்து நாளாகச் செம்மண் கலராக வருகிறது. மழை பெய்யாத நாளிலும் அப்படித்தான். வேலிக் கம்பி முன்பு தொங்கிக்கொண்டிருக்கும், இப்போது தட்டினால் கம்பி பாடுகிறது.

பொன்னுவேலுடைய அம்மா தங்கம்மாவை உங்களுக்குத் தெரியும். காது சுத்தமாகக் கேட்காது. கால் விழுந்து இரண்டு வருஷமாக வெறும் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள். போன வாரம் கஞ்சி கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துத் தரையில் வைத்து, "ஏங் கண்ணு, கீழ யாரு மாவரைக்கிறாங்க?" என்று கேட்டாள். நான் கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நல்ல தூக்கம் இல்லை.

எஸ்டேட் சூப்பர்வைசர் லூர்துராஜ் நல்ல மனுஷன். "குடோன் தை மாசம் வரைக்கும் காலிதாங்க. வந்து இருந்துக்கோங்க" என்று சாவியைக் காட்டினார். பெண்கள் எல்லோரும் தயார். ஆண்கள்தான் உங்கள் சத்தியத்தைச் சொல்லுகிறார்கள். உங்கள் மாப்பிள்ளை அந்த வெடிப்புப் படத்துக்குச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். உங்கள் படத்தை உடைத்தவர் அவர்தான். இப்போது அதற்குப் பூ வைப்பவரும் அவர்தான். சிரிப்பு வருகிறது, அண்ணா. ஆனால் சிரிக்க முடியவில்லை.

ஒருமுறை கீழே வந்து பாருங்கள்.

பாவாயி

*

ஒண்டிக்கடை
23.9.1978

பாவாயி,

நீ எழுதிய ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிக்கொள்ளும். ஊற்றின் மேலே யாராவது குழி வெட்டியிருப்பார்கள், செம்மண் வருகிறது. வேலிக் கம்பியை உன் வீட்டுக்காரரே இழுத்துக் கட்டியிருப்பார். தங்கம்மாவுக்கு எண்பது வயது. காது கேட்காதவள் சத்தம் கேட்டதாகச் சொல்வதை நீ நம்புகிறாய், உன் அண்ணன் கண்ணால் கண்டு சொல்வதை நம்பமாட்டாய்.

என் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்தால் இப்படிப் பேசமாட்டாய். கேட்டுக்கொள். லென்ஸுக்கு ஒரு குறை உண்டு. பக்கத்தைத் தெளிவாக்கினால் தூரம் மங்கும், தூரத்தைத் தெளிவாக்கினால் பக்கம் மங்கும். பன்னிரண்டு அடி ஆழத்தை வாய் முதல் அடிவரை ஒரே அமுக்கில் எடுக்க என்னிடம் உள்ள எந்த லென்ஸாலும் முடியாது. சேலத்துப் பெரிய ஸ்டூடியோக்காரனிடம் கேட்டேன். "முடியாதுங்க பெரியவரே, விட்டுருங்க" என்றான். நான் விடவில்லை. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே யோசித்தேன்.

ஏழு படம் எடுத்தேன். முதலாவதில் வாய் மட்டும் தெளிவு. இரண்டாவதில் இரண்டடி உள்ளே. இப்படி ஏழாவதில் அடிப்பாகம். பிறகு இருட்டறையில் ஒவ்வொரு நெகட்டிவாக, உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரில் வைத்து, அதில் தெளிவாக இருக்கும் பட்டையை மட்டும் விட்டு, மற்றதை அட்டையால் மறைத்து, ஒரே காகிதத்தில் ஏழு முறை வெளிச்சம் காட்டினேன். ஒன்றின் ஓரம் அடுத்ததன் ஓரத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாது. ஏனென்றால் லென்ஸைத் திருகும்போது உருவம் கொஞ்சம் பெருக்கும், சிறுக்கும். என்லார்ஜரின் தலையை ஏற்றினால் படம் பெருக்கும், இறக்கினால் சிறுக்கும்; அப்படி ஏற்றி இறக்கிச் சரிக்கட்டி, மயிரிழை பிசகாமல் பொருத்தினேன். பதினாறு காகிதம் பாழாகிப் பதினேழாவதில் கிடைத்தது அந்தப் படம். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிப்பவனுக்கு நான் அடிமை.

கீழே வரச் சொல்கிறாய். உன் வீட்டுக்காரர் என் அறைக்கு வந்து, செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். பிறகு வருகிறேன்.

ஐயாக்கண்ணு

*

அடிப்பாறைக்காடு
12.10.1978

அண்ணாவுக்கு,

இவரிடம் கேட்டேன். "மச்சானுக்குப் பூவே வெச்சாச்சு. அதுக்கு மேல என்னத்தச் சொல்றது? கால்ல விளணுமா?" என்கிறார். இரண்டு பேரும் ஒரே மாவில் சுட்டது.

நான் சண்டைக்கு எழுதவில்லை. ஒரு சந்தேகம்.

எங்கள் தெருவில் பிள்ளைகள் கோலிக்குண்டு ஆடுவார்கள். குழி எப்போதும் வேப்பமரத்தடியில்தான் வெட்டுவார்கள், குண்டு அங்கேதான் தானாக ஓடும். நேற்றுப் பார்த்தேன், எதிர்ப்பக்கம் கோயில் சுவர் ஓரமாகப் புதுக்குழி. ஏன் என்று கேட்டால், "இப்ப இங்கதான் ஓடுது பெரியம்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். எத்தனை நாளாக என்றேன். "சுதந்திர தினத்துக்கு முட்டாய் குடுத்தாங்கல்ல, அதுக்கு மறுநாள் பெரிய மழை. அப்ப இருந்து" என்கிறார்கள்.

நீங்கள் பாறைமேல் நின்றதும் அதே மாதம்தானே? முதல் நாள் உங்களைப் பார்த்தபோது நான் கேழ்வரகுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியாகப் பார்த்தபோது நாங்கள் இரண்டாம் களை முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏழு படம் எடுக்க எத்தனை நாள் ஆயிற்று? ஒரே நாளில் எடுக்கவில்லையே?

என் மாமனார் ஒரு நிமிஷம் அசைந்தார். கையைக் காணோம். உங்கள் பாறை அத்தனை நாளும் உங்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதா?

எனக்குப் படக்கலை தெரியாது. தப்பாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள்.

பாவாயி

*

ஒண்டிக்கடை
18.10.1978

பாவாயி,

இருபத்து மூன்று நாள். ஆகஸ்ட் இரண்டு முதல் இருபத்து நாலு வரை. காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிஷம்தான் அந்த வெடிப்புக்குள் வெயில் இறங்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் மூடுபனி வராமல் இருந்தால் ஒரு படம். ஒரு நாளைக்கு ஒன்று. பல நாள் ஒன்றுமில்லாமல் நனைந்துகொண்டு திரும்பினேன்.

பாறையையும் உன் மாமனாரையும் ஒன்றாக எண்ணுகிற உனக்கு நான் என்ன விளக்குவது? பாறை ஈ ஓட்டாது.

கோலிக்குண்டை ஆதாரமாகக் காட்டி எனக்கு இனி எழுதாதே.

ஐயாக்கண்ணு

*

ஒண்டிக்கடை
24.10.1978

பாவாயி,

இதைப் படித்தவுடன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு குடோனுக்குப் போ. காரணத்தைப் பிறகு படி. போகச் சொல்லிவிட்டு வந்து படி.

உன்னைத் திட்டி எழுதிய பிறகு என் நோட்டை எடுத்தேன். நீ கேட்டது தப்பு என்று காட்டத்தான் எடுத்தேன். ஒவ்வொரு நெகட்டிவுக்கும் என்லார்ஜர் தலையை எத்தனை கோடு ஏற்றினேன், எத்தனை கோடு இறக்கினேன் என்று அதில் எழுதி வைத்திருக்கிறேன். லென்ஸ் தூரத்தைப் பார்க்கப் பார்க்க உருவம் சிறுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் தலையை ஏற்ற வேண்டும். முதல் நாலு நெகட்டிவுக்கும் ஏற்றியிருக்கிறேன். ஐந்து, ஆறு, ஏழு மூன்றுக்கும் இறக்கியிருக்கிறேன். நாலாவது படம் எடுத்தது ஆகஸ்ட் பதினாலு. ஐந்தாவது பதினெட்டு. நடுவில் உன் பிள்ளைகள் சொன்ன மழை.

உருவம் சிறுக்க வேண்டிய இடத்தில் பெருத்திருக்கிறது. வெடிப்பின் இரண்டு சுவரும் விலகியிருக்கின்றன. விலகியதால் ஓரம் பொருந்தவில்லை. பொருந்தாததை லென்ஸின் குறை என்று நினைத்து, நானே சிறுக்கிப் பொருத்தினேன். பாறை சொன்னதை என் கையால் அழித்துவிட்டுத் தெளிவாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஏழாவதைத் தனியாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஊசிமுனை இல்லை. வெடிப்பு இன்னும் கீழே போகிறது. அந்த இருட்டை நிழல் என்று எண்ணி அட்டையால் மூடியிருக்கிறேன்.

நேற்றுக் காலை மேலே ஏறினேன். ஆகஸ்டில் நாலு விரல் இறுக்கமாக நின்ற இடத்தில் இப்போது என் கை விரித்தபடி நுழைகிறது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அடி மூடியிருந்தால் காற்று எங்கிருந்து வரும்?

சத்தியம் தப்பு. படம் தப்பு. அங்கப்பனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. தாமதம் செய்யாதே.

ஐயாக்கண்ணு

*

அடிப்பாறைக்காடு
28.10.1978

அண்ணாவுக்கு,

நேற்று மத்தியானம்தான் கடிதம் வந்தது. அப்போதே களத்தில் எல்லோரையும் நிறுத்தி உரக்கப் படித்தேன். என்லார்ஜர் பகுதியை விட்டுவிட்டுப் படித்தேன்.

பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஆண்கள் எழவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஈரத்துணியில சொன்னதக் காயிதத்துல எடுக்க முடியுமாங்க?" என்று அங்கப்பன் கேட்டான்.

"தங்கச்சி அளுதிருப்பா, அண்ணன் எளகிட்டாரு" என்றான் பொன்னுவேல்.

உங்கள் மாப்பிள்ளை எழுந்து நின்று, "எங்க மச்சான் எளகுற ஆளா? இது அவர் எளுத்தே இல்ல" என்றார். உங்களுக்காகத்தான் பரிந்து பேசினார், அண்ணா. சத்தியம் தவறுகிறவர் இல்லை நீங்கள் என்று பதினோரு வீட்டையும் எதிர்த்துப் பேசினார். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

அவர்களுக்கும் பயம் இருக்கிறது. ஆனால் காபி பழுக்க ஆரம்பித்துவிட்டது. விட்டுப்போனால் குரங்கும் அணிலும் மிச்சம் வைக்காது. அதோடு, சாமி முன்னால் ஒருத்தர் ஈரத்துணியில் சொன்னதை நம்பாமல் நடந்தால் அந்தக் குற்றம் ஊரைச் சேரும் என்பது பழைய பேச்சு. சொன்னவரே ஈரத்துணியோடு நின்று, அதே ஆட்கள் கேட்க, திருப்பி எடுத்தால்தான் கட்டு அவிழும். நம் அப்பாவுக்கும் இது தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எங்கே நின்று எடுப்பது என்றும் கேட்டேன். "எங்கன்னாலும் சரிதானுங்க. ஆளுங்க பதினோரு பேரும் இருக்கோணும், துணி ஈரமா இருக்கோணும். நம்ம ஊர்க் கெணத்துத் தண்ணிகூடப் போதும்" என்று அங்கப்பனே சொல்லிவிட்டான்.

ஆகையால் இங்கே வாருங்கள். இதைப் பார்த்ததும் பஸ் ஏறுங்கள். ஒரு குடம் தண்ணீர், ஒரு வார்த்தை. வீட்டுக்குள் வரவேண்டாம். எங்கள் வாசலை மிதிக்கவேண்டாம். களத்தில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போங்கள். திங்கட்கிழமை பாறைமேல் வந்தீர்களே, அங்கிருந்து கத்தியிருந்தால்கூட எங்களுக்குக் கேட்டிருக்கும்.

மூன்று நாளாக மழை விடவில்லை. ஊற்று நேற்றோடு நின்றுவிட்டது.

பாவாயி

*

ஒண்டிக்கடை
31.10.1978

பாவாயி,

சேர்வராயன் முன்னால் சொன்னதைச் சேர்வராயன் முன்னால்தான் எடுப்பேன். கிணற்றடியில் நின்று எடுப்பது முறையில்லை. அங்கப்பனுக்கு முறை தெரியாது.

வருகிற வெள்ளிக்கிழமை, நவம்பர் மூன்று, காலை பதினோரு மணிக்குக் கோயிலுக்கு வரச் சொல். பூசாரியிடம் பேசிவிட்டேன். அன்றைக்கு நின்ற பதினோரு பேரும் நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் பிறகு பேச்சு வரும். ஏழு நெகட்டிவையும் நோட்டையும் கொண்டுவருகிறேன். என்ன தப்பு நடந்தது என்று அவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பொய் சொன்னேன் என்று யாரும் பேசக்கூடாது. தப்பு வேறு, பொய் வேறு.

அதுவரை பின்கட்டில் யாரும் படுக்க வேண்டாம்.

ஐயாக்கண்ணு

*

எஸ்டேட் குடோன், நாகலூர்
6.11.1978

அண்ணாவுக்கு,

கோயிலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தீர்களா என்று தெரியாது. பெண்களும் பிள்ளைகளும் ஏன் வந்தார்கள் என்று உங்கள் முகம் கேட்டது. அது என் வேலை. "சத்தியத்தத் திருப்பி எடுக்குறப்ப ஊட்டுக்குள்ள ஆள் இருந்தா, அந்தப் பாவம் அந்த ஊட்டுலயே எறங்கிரும்" என்று முந்தின நாள் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. எங்கள் அத்தை சொன்னாள் என்று நானே கட்டிச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். ஆட்டையும் மாட்டையும்கூட அவிழ்த்துக் குடோன் பக்கம் ஓட்டிவிட்டார்கள்.

மழையில் ஈரவேட்டியோடு நடுங்கிக்கொண்டு, நீங்கள் அரைமணி நேரம் நெகட்டிவைத் தூக்கிக் காட்டினீர்கள். தலையை ஏற்றினேன், இறக்கினேன் என்றீர்கள். "ஏனுங்க, நகருமா நகராதா, அத மட்டும் சொல்லுங்க" என்று அங்கப்பன் கத்திய பிறகுதான், "நகரும். நான் சொன்னது தப்பு" என்றீர்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

நாகலூரில் இறங்கி நடந்தோம். இரண்டு மணி இருக்கும். ஊருக்குத் திரும்பும் வளைவில் பஸ் நின்ற இடத்திலிருந்து எங்களோடு நடந்து வந்த நாய்கள் நின்றுவிட்டன. கூப்பிட்டும் வரவில்லை. வளைவைத் தாண்டினோம். எங்கள் ஊர் எப்போதும் பாறை நிழலில் இருட்டாக இருக்கும். அன்று அங்கே வானம் நிறையத் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஒரு வீட்டுச் சுவர் மட்டும் நின்றது, யார் வீடு என்று சொல்ல முடியவில்லை.

பொன்னுவேல்தான் முதலில் ஓடினான்.

தங்கம்மாவை நாங்கள் கொண்டுவரவில்லை. மழையில் பஸ்ஸில் ஏற்றி, கோயில் மேட்டில் தூக்கிக்கொண்டு ஏறுவது எப்படி? "அரை நாள்தான? மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்" என்று பொன்னுவேல் கம்பளியைப் போர்த்தி, தலைமாட்டில் தண்ணீர் வைத்துவிட்டு வந்தான். "படுத்த படுக்கையில கெடக்கறவளுக்கு அந்தப் பாவம் ஒட்டாதில்லீங்க?" என்று என்னிடம் கேட்டான். நானும் சரி என்றேன். கிளம்பும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நேற்று மாலைதான் மண்ணைத் தோண்டி அவள் உடலை எடுத்தார்கள்.

அண்ணா, குடோன் கோயில் அளவுக்குத் தூரமில்லை. கால் மைல். நீங்கள் செவ்வாய்க்கிழமையே, என் கடிதம் கண்டதும், எங்கள் களத்துக்கு வந்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தால், அன்றைக்கே அவளைப் பாயோடு தூக்கிக்கொண்டு போயிருப்போம். நாலு ஆள் போதும்.

இதை எழுதக்கூடாது என்று மூன்று நாள் இருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாவாயி

*

ஒண்டிக்கடை
9.11.1978

பாவாயி,

தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். விழுவதற்கு முன்னால் எடுத்த படம் வேண்டும் என்றார். சேர்த்த படத்தைக் கேட்டார். அது நன்றாக இருக்கிறதாம். அதைக் கிழித்துவிட்டேன் என்று சொல்லி, ஏழு நெகட்டிவையும் தனித்தனியாக உறையில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதிக் கொடுத்தேன். "இது எதுவுமே முழுசாத் தெளிவா இல்லையே பெரியவரே" என்றார். ஆமாம் என்றேன்.

நீ எழுதியது சரி. கிணற்றடியில் எடுப்பது முறையில்லை என்று எழுதினேன் அல்லவா? அது தப்பு இல்லை, பொய். முறைப்படி எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊர் மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சொன்ன வார்த்தை நிற்க வேண்டும் என்பதற்காகச் சாமியை இழுத்தேன். ஒரு வார்த்தையைத் திருப்பி எடுக்கப் போகும்போதே இன்னொன்றைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பாறைமேல் நின்ற அன்று கீழே பார்த்தேன். நீ வாசலில் தானியம் புடைத்துக்கொண்டிருந்தாய். கத்தினால் கேட்கும் என்று எனக்குத் தோன்றியது. கத்தவில்லை. தபாலில் எழுதிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன்.

நீ கட்டிச் சொன்ன வழக்கத்தை யாரிடமும் திருத்தாதே. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

தங்கம்மாவின் பதினாறாம் நாள் காரியம் குடோனில் நடப்பதாக லூர்துராஜ் சொன்னார். வருகிறேன். பஸ்ஸில் வரமாட்டேன், நடந்து வருகிறேன். ஏதும் கொண்டுவரமாட்டேன், காமிராவும் கிடையாது. பொன்னுவேல் முன்னால் போய் நிற்பேன். அவன் கை ஓங்குவான். உன் வீட்டுக்காரர் எனக்குப் பரிந்துகொண்டு குறுக்கே வருவார், அவரை எனக்குத் தெரியும். நீ அவர் கையைப் பிடித்துக்கொள்.

பொன்னுவேல் அடிக்காமல், "வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிவிடுவானோ என்றுதான் பயமாக இருக்கிறது. நல்ல பையன் அவன். அப்படிச் சொல்லக் கூடியவன். சொன்னால் நான் எங்கே உட்காருவது, பாவாயி?

அண்ணன்
ஐயாக்கண்ணு